டிஜே வரும்வரை அணைந்தே கிடக்கும் சப்வூஃபர்: கலைவிழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக் கல்லூரிகளின் கலைவிழாக் குழுவினருக்கும், அந்த மேடைகளுக்கு ஒலி அமைத்துத் தரும் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கும்,

இசைக்குழுப் போட்டிக்கு நீங்கள் அனுப்பும் விதிமுறைத் தாளில் இந்த ஆண்டு புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறது. ஒரு கல்லூரியின் தாளில் வந்தது, பார்த்து எழுதியதுபோல அடுத்தடுத்த தாள்களிலும் அப்படியே இருக்கிறது. பேஸ் ஆம்ப் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் ஒலியை மேடையிலேயே பெருக்கும் பெட்டி) தரப்பட மாட்டாது. பேஸ் கிட்டாரை நேரடியாக மிக்சரில், அதாவது எல்லா ஒலிகளையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மேசையில், செருகிக்கொள்ள வேண்டும். வேண்டுமென்றால் முன்பே பதிவுசெய்த பேஸ் டிராக்கை லேப்டாப்பில் கொண்டுவரலாம். அதற்குக் கீழேயே, மேடை ஏறுவது, சவுண்ட் செக், வாசிப்பு, இறங்குவது எல்லாம் சேர்த்துக் குழுவுக்கு 15 நிமிடம்.

இதை எழுதுகிறவர்கள் வார நாளில் வேலைக்கும் வகுப்புக்கும் போய்விட்டு, சனி ஞாயிறில் ஜாம் ரூமுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டிப் பழகி, உங்கள் மேடைகளில் காசு வாங்காமல் வாசிக்கிற பேஸ்காரர்கள். அந்த வரியை எங்களால் ஏற்க முடியாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

முதலில் 'நேரடியாக மிக்சரில்' என்பது. பேஸ் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழைத் தடிமனில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய செப்புக் கம்பி. அதிலிருந்து வரும் மின்சாரம் சொற்பம். பேட்டரி போடாத பேஸாக இருந்தால் எதிர்முனையில் சுமார் 10 லட்சம் ஓம் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். மிக்சரின் லைன் இன்புட்டில் இருப்பது பத்தாயிரம், இருபதாயிரம். மைக் இன்புட்டில் இரண்டாயிரம் இருந்தாலே அதிகம். பத்து லட்சம் கேட்கிற இடத்தில் பத்தாயிரம் கொடுத்தால் பிக்கப் மூச்சுத் திணறுகிறது. விரல் தந்தியைத் தொடும் அந்தக் கூர்மை முதலில் போகிறது, பிறகு மட்டம் தாழ்கிறது. மிஞ்சுவது போர்வைக்குள்ளிருந்து பேசுகிற குரல்.

அடுத்தது கேபிள். மேடைக்கும் மிக்சருக்கும் நடுவே நூறடி இருக்கும். எங்களிடம் உள்ளது 10 அல்லது 20 அடி பி-38 (கால் அங்குல ஜாக்) மோனோ கேபிள். இரண்டு மூன்று கேபிளை இணைப்பான் போட்டு நீட்டி, லைட்டுக்கான டிம்மர் பெட்டியின் அருகாகக் கொண்டுபோவார்கள். பேலன்ஸ்டு (வழியில் ஏறும் இரைச்சலை ரத்துசெய்யும் இரட்டைக் கம்பி அமைப்பு) அல்லாத கேபிள் அவ்வளவு தூரம் போனால் அது கேபிள் இல்லை, ஏரியல். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் டிம்மரின் கரகரப்பும் ஏறிக்கொள்ளும். கேபிள் நீளம் கூடக் கூட, இருக்கிற கொஞ்சநஞ்சக் கூர்மையும் வழியிலேயே வடிந்துவிடும். சவுண்ட் அண்ணன் உள்ளே வரும் ஒலியைக் கூட்டும் கெயினைத் திருகுவார். பேஸோடு ஹம்மும், அதாவது அந்த இரைச்சலும், ஏறும். உடனே ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டு, "பேஸ் லைன்ல ஹம் வருது தம்பி" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஹம் பேஸ் கிட்டாரில் பிறந்ததில்லை, இணைத்த முறையில் பிறந்தது.

இதற்கு மருந்து, பேஸின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் உள்ளங்கை அளவு டி.ஐ. பாக்ஸ். மேடையிலேயே, பேஸ்காரரின் காலடியில் அதை வைத்து 10 அடிக் கேபிளில் பேஸைச் செருக வேண்டும். அதன் மறுபக்கத்திலிருந்து கேனன் கேபிள் (மூணு பின் பேலன்ஸ்டு கேபிள்) வழியாக, மேடையின் எல்லா லைன்களையும் மிக்சருக்குக் கொண்டுபோகும் மல்ட்டிகோருக்குப் போய்விட்டால் நூறடி என்ன, முந்நூறடியும் இரைச்சலில்லாமல் போகும். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸுக்குச் சாதாரண பேஸிவ் டி.ஐ. போதும். பேட்டரி இல்லாத பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ. நல்லது, அதற்கு மிக்சரில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (அதே கேபிள் வழியாகப் போகும் மின்சாரம்) போட வேண்டும். போட மறந்துவிட்டு 'பாக்ஸ் டெட்' என்று ஓரமாகத் தூக்கி வைப்பது வாடிக்கை. இந்தப் பெட்டியின் வாடகை, விழாவில் போர்த்தும் பொன்னாடைக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

டி.ஐ. வைத்தும் பேஸ் வரவில்லை என்றால் பாதி நேரம் காரணம் ஒரே ஒரு பட்டன். மிக்சரில் கெயின் திருகிக்குப் பக்கத்தில் 75, 80 அல்லது 100 என்று எண் போட்ட லோ கட், அந்த ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் பட்டன். பாடுகிறவரின் மைக்குக்கு அது அவசியம், மேடை அதிர்வையும் மூச்சுக் காற்றையும் வெட்டும். முந்தைய குழுவின் பாடகருக்காக அழுத்திய அதே சேனலில் அடுத்த குழுவின் பேஸைச் செருகினால் என்ன ஆகும்? நான்கு தந்தி பேஸின் திறந்த தந்திகள் இவை: ஈ 41 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73, ஜி 98. நான்குமே நூறுக்குக் கீழே. ஐந்து தந்தி பேஸ் என்றால் பி தந்தி 31-லேயே நிற்கிறது. பட்டனை அழுத்திய நொடியில் பேஸின் அடித்தளமே போய், மேலே இருக்கிற இணைசுரங்கள் மட்டும் மிஞ்சும். விடுபட்ட அடிச்சுரத்தைக் காது தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும் என்பதால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருங்கிணைப்பாளருக்குப் பேஸ் 'கேட்பது' போலத்தான் இருக்கும். செல்போன் ஸ்பீக்கரில் கேட்பதுபோல. நெஞ்சில் மட்டும் ஒன்றும் இறங்காது.

இனி சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி. எங்களுக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் தருவது இதுதான். மேடையின் இருபுறமும் சப் பெட்டிகள் மாலையிலிருந்தே நிற்கின்றன. இசைக்குழுக்கள் வாசிக்கும்போது அவை ஓடுவதில்லை. டாப் ஸ்பீக்கர்கள் மட்டும் பாடுகின்றன. கேட்டால், "டிஜே வர்றப்போ போடுவோம்." ஆக, உங்கள் மேடையில் தாழ்ந்த ஒலிக்கு இடமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. விரலால் வாசிக்கிற தாழ்ந்த ஒலிக்குத்தான் இல்லை. மாலை 6 மணிக்கு முதல் குழு ஏறும்போதே சப்பைப் போடுவதால் ஒரு ரூபாய்கூட வாடகை கூடாது.

சப் பெட்டியை எங்கே வைப்பது என்றும் ஒரு வார்த்தை. இடதில் ஒன்று, வலதில் ஒன்று வைத்தால் பார்க்க அழகு. ஆனால் இரண்டிலிருந்தும் வரும் ஒலி நடுக்கோட்டில் கூடும். சற்றுத் தள்ளினால் ஒன்றையொன்று தின்னும். நடுவில் நிற்பவருக்குக் குடல் குலுங்கும், பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமே இருக்காது. இரண்டையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒட்டி வைத்தால் மைதானம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் பரவும். அரங்குக்குள் என்றால் பெட்டிக்கும் அதன் பின்னாலுள்ள சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 5 அடி இடைவெளி இருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 56 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர் ஒலியை அழிக்கும். அது கிட்டத்தட்ட திறந்த ஏ தந்தி. ஈ நன்றாக வருகிறது, ஜி வருகிறது, நடுவில் ஏ மட்டும் காணாமல் போகிறது என்றால் வாசிக்கிறவரின் விரலைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திப் பாருங்கள்.

அடுத்து, மேடைமேல் ஆம்ப் எதற்கு என்ற கேள்வி. டி.ஐ. இருக்கிறதே, அது ஸ்பீக்கருக்குப் போகிறதே, ஆம்ப் ஆடம்பரம்தானே என்று தாளை எழுதியவர் நினைத்திருக்கலாம். அந்த ஆம்ப் கூட்டத்துக்காக இல்லை, வாசிக்கிறவருக்கும் டிரம்மருக்கும். மானிட்டர் வெட்ஜ் (வாசிக்கிறவரைப் பார்த்து மேடைத் தரையில் வைக்கும் ஸ்பீக்கர்) போதுமே என்றால், பெரும்பாலான மேடைகளில் பேஸ்காரருக்குத் தனி வெட்ஜே கிடையாது; இருப்பதிலும் பாடகரின் குரலும் கீபோர்டும்தான், ஊளை எடுக்காமல் இருக்கத் தாழ்ந்த ஒலியையெல்லாம் வெட்டிய பிறகு. தன் ஒலி தனக்குக் கேட்காத பேஸ்காரர் என்ன செய்வார்? முன்னால் பெரிய ஸ்பீக்கரிலிருந்து போய், அரங்கின் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வரும் ஒலியைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். அறுபது அடி அரங்கில் அது போய்வர 120 அடி. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். நிமிடத்துக்கு 120 தாள அடிகள் ஓடும் பாட்டில் ஒரு தாள அடியின் கால்பங்கே 125 மில்லிசெகண்ட்தான். ஆக, பேஸ் ஏறத்தாழ கால் தாள அடி பின்தங்குகிறது, டிரம்மர் அதைக் கேட்டு இழுக்கிறார், பாடகர் திரும்பிப் பார்த்து முறைக்கிறார். நடுவர் தாளில் 'லயம் சரியில்லை' என்று விழுகிறது.

இன்னொன்றும் நடக்கும். கேட்கவில்லை என்றால் கை தானாகவே பலமாக இழுக்கும். தந்தி ஃபிரெட்டில் மோதிச் சடசடக்கும், சுரம் எழும்பும் நொடியில் ஒரு இழை ஏறி நிற்கும், இரண்டாவது பாட்டுக்குள் விரலில் கொப்புளம். இதெல்லாம் பயிற்சிக் குறைவு என்று பார்வையாளர் நினைப்பார்கள்.

பெரிய ஆம்ப் வேண்டாம். 100 முதல் 200 வாட், 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) போதும். அதை டிரம்ஸுக்குப் பக்கத்தில், பேஸ்காரரின் முதுகுக்குப் பின்னால், காதைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து வைத்தால் இருவருக்கும் கேட்கும். உங்கள் மேடை இரும்புச் சட்டத்தின்மேல் பிளைவுட் போட்டது. அதன் மேலேயே பெட்டியை வைத்தால் மேடை முழுக்க மத்தளமாகி அதிரும். கீழே ஒரு தடித்த ரப்பர் மேட் போடுங்கள். மூலையில் தள்ளாதீர்கள், மூலை என்பது தாழ்ந்த ஒலிக்கு ஒலிபெருக்கி. 'இருக்கிற கிட்டார் ஆம்பிலேயே வாசிச்சுக்கோங்க' என்பது மட்டும் வேண்டாம். பின்பக்கம் திறந்த கிட்டார் ஆம்பின் 10 அங்குல ஸ்பீக்கர் ஈ தந்தியின் வீச்சைத் தாங்காது. கொஞ்சம் ஒலியைக் கூட்டினால் கோன் கிழியும். பிறகு அந்தப் பஞ்சாயத்தும் எங்கள் தலையில்.

லேப்டாப் டிராக் யோசனைக்கு வருவோம். கீபோர்டின் இடது கையில் பேஸ் வாசிப்பது லைட் மியூசிக் மேடைகளில் பல காலமாக நடப்பது, அதில் எங்களுக்கு வழக்கில்லை. அதுவும் ஒரு மனிதர் கேட்டுக் கேட்டு வாசிப்பதுதான். டிராக் அப்படியில்லை. பாடகர் பல்லவியை ஒரு ஆவர்த்தனம் தள்ளி எடுத்தால் டிராக் காத்திருக்காது. கூட்டம் 'ஒன்ஸ் மோர்' என்றால் அதற்குத் தெரியாது. டிரம்மரின் காதில் தாளத்தை எண்ணிக் காட்டும் கிளிக் ஒலிக்காவிட்டால் அரை நிமிடத்தில் டிராக்கும் டிரம்ஸும் ஆளுக்கொரு திசை. அந்தக் கிளிக்கைக் கொடுக்க ஹெட்போன் ஆம்ப்பும், அதற்குத் தனி லைனும் வேண்டும், அவற்றையும் உங்கள் தாள் தரவில்லை. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்சருக்குப் போகும் கேபிளில் சார்ஜரின் இரைச்சல் ஏறும். ஆக, அதற்கும் டி.ஐ. வேண்டும், அதுவும் ஸ்டீரியோ என்றால் இரண்டு. ஒரு டி.ஐ. மிச்சம் பிடிக்கப்போய் இரண்டில் வந்து நிற்கிறது கணக்கு. தவிர, இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியொரு மெட்டாகவே நடந்துபோவதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ரஹ்மானின் பதிவுகளில் வாசித்த கீத் பீட்டர்ஸ் இந்த ஊர்க்காரர். இந்த ஊர்க் கல்லூரி மேடையில் பேஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஒரு தாள் சொல்வது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒலிக் குறை. இனிச் சொல்வது உயிர் விஷயம். பேஸின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்தவை. கை எப்போதும் அதன்மேல்தான். பேஸ்காரர் கோரஸ் பாடினால் உதடு மைக்கின் வலையில். பேஸ் ஆம்ப் ஜெனரேட்டரிலும் மிக்சர் கட்டட இணைப்பிலும் இருந்தால், அல்லது ஏதோ ஒன்றில் எர்த் இல்லாவிட்டால், இரண்டுக்கும் இடையேயான மின்னழுத்த வேறுபாட்டால் அந்த உதட்டுக்கும் கைக்கும் நடுவில் மின்சாரம் ஓடும். 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் மேடைகளில் இன்னமும் ஹம் வந்தால் முதலில் செய்வது மூணு பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவதுதான். ஹம் போய்விடும், பாதுகாப்பும் கூடவே போய்விடும். ஹம்மை நிறுத்த டி.ஐ. பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) இருக்கிறது, அதைத் தட்டினால் போதும். பிளக்கைத் தொட வேண்டியதில்லை.

சரியான முறை இதுதான். மேடையின் எல்லா ஒலிக் கருவிகளும், மிக்சர் உட்பட, ஒரே மூலத்திலிருந்து, ஒரே எர்த்தோடு வர வேண்டும். லைட்டுகள் தனிப் பேஸில் போகட்டும் (இந்தப் பேஸ் மின்சாரப் பேஸ்). ஜங்ஷன் பாக்ஸுகளுக்கு முன்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று. குழு ஏறும் முன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக் வலையிலும் மறுமுனையைப் பேஸின் தந்தியிலும் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து பத்து என்று காட்டினால் யாரும் எதையும் தொடக்கூடாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய். வடகிழக்குப் பருவமழையில் ஈரமான திறந்தவெளி மேடைக்கு அது கட்டாயம்.

பேஸைக் குறைக்கப் போலீஸ் புகாரைக் காரணம் காட்டுகிறீர்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. தாழ்ந்த ஒலி சுவர் தாண்டிப் போகும் என்பதும் உண்மை. மதில் அடுத்த வீட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் அவர்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் அந்தக் கண்ணாடியை அதிரவைப்பது ஒன்பது மணிக்கு மேல் நான்கு சப்பில் ஓடும் டிஜே. ஆறு மணிக்கு 15 நிமிடம் வாசித்த பேஸ் கிட்டாருக்குத் தண்டனை எதற்கு?

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சவுண்ட் அண்ணன்மார் சிரிப்பார்கள். கேபிள் இல்லாமல் வருகிறவர்கள் உண்டு. ஆக்டிவ் பேஸில் ஜாக்கைச் செருகியே வைத்திருந்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்று தெரியாமல், மேடையில் பேஸ் இருமத் தொடங்கியபின் திருதிருவென முழிப்பவர்கள் உண்டு. ஏ.சி. அறையில் சுருதி கூட்டிவிட்டு நேராக வெக்கையான மேடையில் ஏறி, தந்தி சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கியபின் அதைக் கவனிக்காதவர்கள் உண்டு. சவுண்ட் செக்கில் மெதுவாக வாசித்துவிட்டு, வாசிப்பில் ஆம்பின் வால்யூமைத் திருகி மிக்சரைச் சிவப்பில் ஏற்றுகிறவர்கள் நிறையவே உண்டு. மியூட் செய்யச் சொல்லாமல் ஜாக்கைப் பிடுங்கி 'டப்' என்று ஸ்பீக்கரை அடிக்கிறவர்களும். இதையெல்லாம் சரிசெய்வது எங்கள் பொறுப்பு. தாளில் விதியாகவே எழுதுங்கள், கட்டுப்படுகிறோம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். விதிமுறைத் தாளிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, மேடையில் ஒரு டி.ஐ. பாக்ஸும் ஒரு பேஸ் காம்போவும் இருக்கும் என்று எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து முடியாதென்றால் டி.ஐ. மட்டுமாவது நிச்சயம் வேண்டும், அப்போது பேஸ்காரருக்கென்று ஒரு வெட்ஜும், அதில் தாழ்ந்த ஒலியை வெட்டாமலும். பேஸுக்கென்று மிக்சரில் ஒரு சேனலை நாள் முழுக்க ஒதுக்கி, அதன்மேல் டேப் ஒட்டி 'பேஸ், லோ கட் ஆஃப்' என்று எழுதிவையுங்கள். யாரும் அதில் மைக் செருகக் கூடாது. முதல் குழுவிலிருந்தே சப் ஓடட்டும்.

15 நிமிடத்தை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றுங்கள். ஏறி இறங்கத் தனியாக 7 நிமிடம். அதில் பேஸுக்கு வேண்டியது ஒன்றரை நிமிடம்: மியூட்டில் செருகுவது, மியூட்டை எடுப்பது, திறந்த நான்கு தந்தியும் ஒவ்வொன்றாக நான்கு விநாடி, பிறகு பாட்டின் மிகப் பலமான இடத்தைப் பேஸ் டிரம்மோடு சேர்த்து இருபது விநாடி. டிஜிட்டல் மிக்சரில் அந்த இடத்தில் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நின்றால் கெயின் சரி. குழுக்களின் இணைப்புப் பட்டியலை, யாருக்கு எத்தனை மைக், எத்தனை லைன் என்று, ஒரு வாரம் முன்பே வாங்கிக்கொண்டால் இந்த 7 நிமிடமும் தாராளம்.

எர்த் பரிசோதனையை யார் செய்தார், எத்தனை மணிக்குச் செய்தார், மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு காகிதத்தில் எழுதி மேடைப் படிக்கட்டில் ஒட்டுங்கள். அந்தக் காகிதம் இல்லாத மேடையில் நாங்கள் ஏற மாட்டோம். இது மட்டும் வேண்டுகோள் இல்லை.

மாற்றிய தாள், குழுக்கள் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது வெளிவர வேண்டும். டி.ஐ. வாங்கித் தர முடியாத சிறிய கல்லூரி என்றால் அதையும் தாளிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எங்களில் ஒருவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார், அன்று வாசிக்கிற எல்லாக் குழுவும் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். மாலையில் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சென்னை மேடைகளில் பேஸ் வாசிக்கும் சிலர்